புளித்த ஆப்பிளும் பொறுக்காத வாசகர்களும்

கேள்வி (பிரிஸ்டல் வாசகர்): பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் ஆப்பிள் கொட்டிக் கிடக்கிறது. பட்டை, கிராம்பு போட்டு வீட்டிலேயே சைடர் (புளிக்கவைத்த ஆப்பிள் மது) செய்யலாமா?

பதில்: தாராளமாக. சாமர்செட், ஹியர்ஃபோர்ட்ஷயர் என்று சைடருக்கே பேர்போன பகுதிகள் உங்களைச் சுற்றி இருக்கின்றன. விற்காமல் வீட்டோடு குடித்தால் வரியும் இல்லை. ஆப்பிளை நசுக்கிப் பிழிந்து, கிருமிநீக்கிய ஜாடியில் ஊற்றி, சைடர் ஈஸ்ட்டைத் தூவி, வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக் மூடியை மாட்டி, 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் உள்ள மூலையில் வையுங்கள். மிச்சத்தை ஈஸ்ட் சம்பளம் கேட்காமல் பார்த்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் அந்தச் சைடர் பகுதிகளில் பண்ணையாட்களின் கூலியில் ஒரு பங்கைச் சைடராகவே அளந்தார்கள். 1887-இல் சட்டம் போட்டுத்தான் அதைத் தடுத்தார்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய ஆப்பிள் ஜூஸ் போதாதா?

பதில்: போதும், லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். பொட்டாசியம் சார்பேட் கலந்திருந்தால் ஈஸ்ட் பெருகாது. ஒரு மாதம் காத்திருந்து அதே ஜூஸைக் குடிப்பீர்கள்.

கேள்வி: மசாலாவை எப்போது போடுவது? ஆரம்பத்திலேயே போடச் சொல்கிறார் மாமியார்.

பதில்: குடும்பத்தைக் கலைத்த பாவம் எனக்கு வேண்டாம். ஆனாலும் மாமியார் சொல்வது சரியில்லை. கிராம்பின் யூஜினாலும் பட்டையின் சின்னமால்டிஹைடும் நுண்ணுயிர்களுக்கு ஆகாதவை. அளவு மிஞ்சினால் ஈஸ்ட் தடுமாறும். போதாததற்கு, பொங்கி வெளியேறும் வாயு வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விடும். வீடு மணக்கும், சைடர் மணக்காது. நுரை அடங்கி, வண்டல் இறங்கிய பிறகு தெளிந்ததை வேறு ஜாடிக்கு மாற்றி, அதில் போடுங்கள். 5 லிட்டருக்குப் பட்டை ஒரு துண்டு, கிராம்பு 3, ஆரஞ்சுத் தோல் கொஞ்சம் (உள்ளே இருக்கும் வெள்ளையைச் சீவிவிடுங்கள், கசக்கும்). எல்லாவற்றையும் சுடுநீரில் முக்கியெடுத்த துணியில் முடிந்து நூலில் தொங்கவிட்டால், போதும் என்று தோன்றியதும் வெளியே இழுத்துவிடலாம். தினம் ஒரு ஸ்பூன் ருசி பாருங்கள். பட்டை தயங்கித் தயங்கித்தான் வரும். கிராம்பு அப்படியில்லை, கொஞ்சம் அசந்தால் பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்து குடிப்பது போலாகிவிடும்.

கேள்வி: குமிழ் நின்றுவிட்டது. பாட்டிலில் அடைக்கட்டுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். குளிரில் ஈஸ்ட் தூங்கியும் போகும். அடைத்த பிறகு விழித்தால் பாட்டில் வெடிக்கும், கண்ணாடிச் சில்லு பறக்கும். சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள். தொடக்கத்தில் 1.050 காட்டியது 1.000-க்கு இறங்கி, சில நாள் விட்டு மறுபடி அளந்தாலும் அசையாமல் நிற்க வேண்டும். அப்போது ஆல்கஹால் சுமார் 6.5 சதவீதம் இருக்கும். குமிழோடு வேண்டுமென்றால் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை, அதற்கு மேல் ஆசை வேண்டாம். அழுத்தம் தாங்கும் பீர் அல்லது ஷாம்பெயின் பாட்டிலில்தான் அடைக்க வேண்டும்.

கேள்வி: பழங்காலச் சாமான்களில் செய்தால் ருசி கூடுமாமே?

பதில்: வயிற்றுவலியும் கூடும். 18-ஆம் நூற்றாண்டில் டெவன் பகுதியில் சைடர் குடித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். சைடர் பிழியும் சாதனங்களில் இருந்த ஈயம் சாற்றின் புளிப்பில் கரைந்ததே காரணம் என்று 1767-இல் சொன்னவர் ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர். அவரும் டெவன்காரர்தான். ஊர்க்காரர்கள் நன்றி சொன்னார்களா? எங்கள் சைடரையா பழிக்கிறாய் என்று அவர்மேல் பாய்ந்தார்கள்.

கேள்வி (கோவை வாசகர்): நானும் 10 கிலோ ஆப்பிள் வாங்கிவிட்டேன். ஆரம்பிக்கலாமா?

பதில்: கூடாது. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது; அனுமதியில்லாமல் மது தயாரிப்பது குற்றம். பட்டை, கிராம்பைக் காட்டி 'பிரியாணி சார்' என்றாலும் போலீஸ் நம்பாது. 10 கிலோவா? அக்கம்பக்கத்தில் பழத்தைப் பங்கிட்டு நல்ல பெயர் வாங்க அருமையான சந்தர்ப்பம்.