டூரில் இருக்கும் கையெழுத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய அக்கவுண்ட்ஸ் மேனேஜர் அவர்களுக்கு, கோவை அச்சகக்காரனின் பணிவான வணக்கம்.

சனிக்கிழமை தங்கள் ஆண்டு விழாவில் எனக்குச் ‘சிறந்த சப்ளையர்’ சான்றிதழ் தந்து கௌரவித்தீர்கள். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன், ‘சிறந்த’ என்பதற்கு மட்டும் தங்க ஃபாயில். தரத்தில் குறையே இல்லை, அடித்ததே நான்தான். அதற்கான பில்லும் தங்கள் மேசையில்தான் தூங்குகிறது, ஜூன் மாதக் கேட்லாக் பில்லுக்குத் துணையாக.

மேடையில் நான் கண்கலங்கியது விருதுக்காக அல்ல. எம்.டி. சாரை முதல்முறையாக நேரில் பார்த்துவிட்டேன்! எப்போது போன் போட்டாலும் “சார் டூர்ல இருக்காருங்க, வந்ததும் கையெழுத்தாயிடும்” என்பீர்கள். அந்த மகான் அன்றைக்குச் சளைக்காமல் சான்றிதழ் சான்றிதழாகக் கையெழுத்துப் போட்டார். செக் புத்தகம் மட்டும் மேடைக்கு வரவில்லை. திங்கட்கிழமை கேட்டால், சார் மறுபடியும் டூர்.

நானும் டூர் போய்ப் பார்க்கலாம் என்றால் வழியில்லை. தாங்கள் இன்னும் தராத பணத்துக்கு நான் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கட்ட வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. ‘ஓனர் டூரில்’ என்று டிக் அடிக்க அங்கே கட்டமே இல்லை. பேப்பர் கடை அண்ணாச்சியோ, “நான் டூரெல்லாம் போறதில்லப்பா” என்று அச்சக வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

2006ஆம் ஆண்டு குறு, சிறு தொழில் சட்டத்தை எழுதியவர்களுக்கும் டூரின் அருமை தெரியவில்லை. ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாந்தரக் கூட்டு வட்டி. டூர் நாட்களைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி கிடையாது. கெடு தாண்டிப் பாக்கி வைத்தால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அதை வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியும் என்று 2023 பட்ஜெட்டில் வேறு திருத்தம் வந்தது. அதற்குத் தங்கள் ஆபீஸ் கண்டுபிடித்த மருந்து, நான் சிறு தொழில் என்பதற்கான பதிவையே ஒழிப்பது: “உத்யம் ரிஜிஸ்ட்ரேஷனைக் கேன்சல் பண்ணிட்டு வாங்க, ஆர்டர் தர்றோம்.”

இது என்ன நியாயம் சார்? அது என் பணம். வெளியில் வட்டிக்கு வாங்கித்தான் மிஷின்மேனுக்கும் பைண்டருக்கும் சம்பளம் போட்டேன். என்னிடம் வட்டியில்லாக் கடன் வாங்கியவர் ஏசி அறையில். கொடுத்தவன் ரிசப்ஷனில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மன்னிக்கவும். சிறந்த சப்ளையர் குரல் உயர்த்தலாகாது.

வசூலுக்கென்றே கோவையில் அரசின் வசதியாக்கக் கவுன்சில் இருக்கிறது, புகார் கொடுங்கள் என்கிறார் என் ஆடிட்டர். கொடுத்தால் பணம் வரலாம், அடுத்த ஆர்டர் வராது. இது தங்களுக்கும் தெரியும். சாரின் டூர் இத்தனை நிம்மதியாக நடப்பதும் அந்தத் தைரியத்தில்தான்.

ஆகவே, இரண்டு பில் பணத்தையும் வருகிற 20ஆம் தேதிக்குள் என் கணக்கில் போட்டுவிடுங்கள். செக்கே வேண்டாம். நெஃப்ட்டுக்கு டூரில் இருந்தபடியே ஒப்புதல் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
அச்சகக்காரன்