மச்சானும் மலை இறக்கமும்

பாலக்காட்டுக் கோட்டையை 1766-இல் கட்டிய ஹைதர் அலி, எதிரி உள்ளே வரக் கூடாது என்று சுற்றிலும் அகழி வைத்தார். விடியற்காலையில் அந்த அகழியைச் சுற்றி வேர்க்க விறுவிறுக்க நடப்பவர்களைப் பார்த்தால், அந்த எதிரி சர்க்கரை வியாதிதானோ என்று தோன்றும்.

என் மச்சானும் அந்தப் படையில் ஒருவர். மூன்று சுற்று நடை, பிறகு மதிலோரம் உட்கார்ந்து ஷூ ஆராய்ச்சி. ஷூவின் காசு ஏற ஏற கால் தப்பிக்கும் என்பது அவர் கட்சி. இடுக்கி மாவட்டத்து மீசைப்புலிமலைக்குப் போவது என்று முடிவானதும், கணுக்காலை மூடும் பூட்ஸ் ஒன்று பெட்டியோடு வந்து இறங்கியது.

"வீட்டுக்குள்ளயாவது போட்டுப் பழகுங்க மச்சான்."

"அழுக்காயிடும் மாப்ளே."

உயரமான பூட்ஸ் ஓரளவு தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் பழகாத பூட்ஸ் கொப்புளம் போடும். கொப்புளம் வலித்தால் அடி கோணலாக விழும். கோணல் அடிதான் சுளுக்குக்கு வாசல். பாதம் உள்பக்கமாக மடங்கி, கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார் இழுபடுவதுதான் சுளுக்கில் பெரும்பான்மை. ஒருமுறை இழுபட்டது மறுமுறைக்குத் தயாராகவே இருக்கும். இதற்குச் செலவில்லாத காப்பு, தினமும் கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில் நின்று பழகுவது. நான் பல் தேய்க்கும்போது நிற்பேன். "கொக்கு எழுந்தாச்சு, காபி போடலாம்" என்பாள் என் மனைவி.

மச்சானுக்கு இதெல்லாம் கௌரவக் குறைச்சல். அவருக்குப் பிரீஜா ஸ்ரீதரன் இருக்கிறார். இடுக்கியில் பிறந்து, பாலக்காட்டில் ரயில்வே வேலையில் இருந்து, 2010-இல் குவாங்சூ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் தங்கம் வாங்கியவர். "ரெண்டு ஊர்க் காத்துலயும் என்னமோ இருக்கு மாப்ளே!" காற்றைத் தவிர அவர் பயிற்சியும் எடுத்தார் என்பதை மச்சான் லேசாகத் தாண்டிவிடுவார்.

மீசைப்புலிமலை ஏறும்போது 2,640 மீட்டர் உயரத்துக்கு மூச்சு வாங்கியது. கால் ஒன்றும் சொல்லவில்லை. கால் பேசுவது இறக்கத்தில்தான். தொடை சோர்ந்திருக்கும், உடம்பு முன்னால் தள்ளும், விரல் நுனி பூட்ஸின் மூக்கில் போய் இடிக்கும். கிளம்பும் முன்பே நகத்தை வெட்டி, இறங்கும் முன் கணுக்கால் பக்கத்து லேஸை இறுக்கிக் கட்டினால் பாதி வம்பு குறையும். மச்சான் லேஸை இறுக்கவில்லை, குனிந்தால் தொப்பை தடுக்கிறதாம்.

திரும்பும் வழியில் தேயிலைச் சரிவில் ஓர் அக்கா தலையில் கொழுந்து மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தார். சாதாரண ரப்பர் பூட்ஸ். பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, முட்டியைத் தளரவிட்டு, சின்னச் சின்ன அடி. மச்சான் தன் மலையாளத்தைத் திரட்டிப் பேச்சுக் கொடுத்தார். பதில் சுத்தமான திருநெல்வேலித் தமிழில் வந்தது.

"அண்ணாச்சி, மலை எங்கயும் ஓடிராது. பார்க்கணும்னா நின்னு பாருங்க. நடக்கணும்னா கீழ பாருங்க."

மலையில் மச்சானுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் முடிந்ததே என்று ஜீப்பில் பூட்ஸைக் கழற்றி, ஹவாய் செருப்புக்கு மாறி, எத்தனை அடி நடந்தோம் என்று போனில் பார்த்தபடியே மூணாறு சாலையோர டீக்கடையில் இறங்கினார். தாருக்கும் மண்ணுக்கும் நடுவே அரையடிப் பள்ளம்.

அடுத்த நிமிடம் வைத்தியர்கள் கூடிவிட்டார்கள். ஆட்டோக்காரருக்கு முறிவெண்ணெய், கடைக்காரருக்குப் புளியும் உப்பும் கொதிக்கவைத்த பற்று. இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவினால்தான் விடும் என்றார் ஒரு பாட்டி. முதல் இரண்டு நாள் நீவவும் கூடாது, சூடும் ஆகாது. துணியில் சுற்றிய ஐஸ், கட்டு, காலைத் தூக்கி வைப்பது, அவ்வளவுதான் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. எக்ஸ்ரே வேண்டுமா என்று பார்க்க 1992-இல் கனடா மருத்துவர்கள் ஒரு வழி சொன்னார்கள்: கணுக்கால் மொட்டு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலிக்கிறதா, நாலு அடி எடுத்து வைக்க முடிகிறதா? அழுத்திப் பார்த்தேன், எலும்பில் வலி இல்லை. நாலு அடி நடங்க மச்சான் என்றேன். ஏழாவது அடியில் பழம்பொரித் தட்டு இருந்தது; போய்ச் சேர்ந்துவிட்டார்.