மூக்கு விசாரணை

சென்ற ஞாயிற்றுக்கிழமை கோடிக்கரைச் சேற்றில் கால் புதைய நின்று, "அதோ, சின்ன மணல் உப்புக்கொத்தி!" என்று நான் வாய் மூடுமுன், பீரங்கி போன்ற காமிராவைத் தோளில் சாய்த்திருந்த பையன் ஒருவன், "இல்லை சார், அது பெருசு" என்று சொல்லிவிட்டுப் போனானே, அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. 1967 முதல் அவ்விடம் சரணாலயந்தான். பார்க்கப் போகிறவனின் மானத்துக்கு அங்கே சரண் கிடையாது. ஆகவே, இவ்விரண்டையும் நொடியில் பிரித்தறிய நான் கண்டுபிடித்திருக்கும் உபாயத்தை இங்கே வெளியிடுவதென்று சங்கற்பம் செய்துகொண்டிருக்கிறேன்.

அதற்குமுன் புத்தகங்கள் கூறும் லக்ஷணம். மூக்கின் நீளம், மூக்கடியிலிருந்து கண்ணின் பின்னோரம் வரையுள்ள தூரத்தை விஞ்சினால் பெரியது, விஞ்சாவிட்டால் சிறியது. வாஸ்தவம். ஆனால் அளப்பது யார்? உப்புக்கொத்தியோ நாலடி ஓடும், சிலையாய் நிற்கும், ஒரு புழுவைக் கொத்தும், மறுபடி ஓடும். சிலையாய் நிற்கும் கணத்திலும், கடன் கொடுத்தவனைக் கண்டவன் போல் முதுகையே காட்டும். தப்பித் தவறிப் பக்கவாட்டில் நின்றாலும், கானலில் அதன் மூக்கு ஒரு கணம் ஊசியாகவும் மறுகணம் உலக்கையாகவும் தோன்றும். இரண்டு நீளங்களையும் ஒருங்கே கண்டுவிட்டாலோ, எதைவிட எது அதிகமென்று புத்தகம் சொல்லிற்று என்பது மறந்துபோய், பையிலிருந்து அதை எடுத்துப் புரட்டி நிமிர்வதற்குள் கூட்டம் முழுவதும் கடலுக்கு மேலே இருக்கும். வீடு திரும்பியதும் கண்ணாடி முன் நின்று என் மூக்கையே நூல் பிடித்து அளந்து பார்த்தேன். நான் சிறிய இனம்.

காலின் நிறத்தைப் பார் என்பார்கள். சேற்றில் நிற்கும் எல்லாக் காலுக்கும் சேற்றின் நிறந்தான், என்னுடையவை உட்பட. இனப்பெருக்க காலத்தில் மார்பு சிவந்து பூரண சோபையுடன் விளங்குமாம். அந்தச் சோபையையெல்லாம் லடாக்கிலும் திபெத்திலும் மத்திய ஆசியப் பாலைகளிலும் காட்டி முடித்துவிட்டு, நம்மிடம் பனிக்காலத்தில் வரும்போது சாயம்போன பழுப்பு வேஷ்டியோடுதான் வரும். போதாக்குறைக்கு, சிறியதையே பண்டிதர்கள் அண்மையில் சைபீரியம், திபெத்தியம் என்று இரண்டு இனமாக்கிவிட்டார்கள். மூக்கையே அளக்க முடியாதவனிடம் பாஸ்போர்ட்டையும் பரிசோதிக்கச் சொல்வது என்ன நியாயம்?

பையன் எடுத்த படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது கூழைக்கடா அல்ல என்ற அளவில் எங்களுக்குள் அபிப்பிராய பேதமில்லை. என் குறிப்பேட்டில் அன்றைய பதிவு இது: உப்புக்கொத்தி, சுமார் நாற்பது, மூக்கு, உண்டு.