வில்லையதிகாரம்: மண்டப இயல்

அகலமும் நடுவும் தொலைவும் என்றாங்கு
இயலும் லென்ஸின் வகைமூன் றென்ப.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், கல்யாண மண்டபத்தில் இரண்டு கேமராவும் ஒரு பையுமாக அலையும் போட்டோகிராபர் எந்தக் காரியத்துக்கு எந்த லென்ஸை மாட்டவேண்டும் என்று வகுத்துணர்த்துதல் நுதலிற்று. நூற்பாவும் அடியேன் செய்தது, உரையும் அடியேன் செய்தது. வேறொருவர் உரையெழுதி மறுப்பதற்குள் நாமே எழுதிவிடுவது நல்லது.

அற்றேல், மலைக்கும் கடலுக்கும் காட்டுக்கும் லென்ஸ் உண்டே, மண்டபத்தை மட்டும் எடுத்துக்கொண்டது என்னை எனின்: இருட்டு, கூட்டம், ஓமப்புகை, ஓடும் குழந்தை, ஓடாத பெரியப்பா, அழுகை, மின்னும் சிறுபொருள் அத்தனையும் விடிவதற்குள் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் களம் வேறில்லை. ஆறு மணி முகூர்த்தத்தைப் படம்பிடித்தவருக்கு அதன்பின் புலி எளிது. புலிக்கு முன்னால் வீடியோ லைட் பிடித்துக்கொண்டு யாரும் நிற்பதில்லை.

இனி, நடு என்பது இட்டுக்கட்டிய பெயரன்று. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ., உயரம் 24 மி.மீ., மூலைவிட்டம் ஏறக்குறைய 43 மி.மீ. குவியத் தூரம் இந்த மூலைவிட்டத்தை ஒட்டி வந்தால் அந்த லென்ஸ் நடுவகை. 50 மி.மீ. லென்ஸ் அவ்வாறே நடுவாயிற்று. 35-உம் அதற்குக் கீழும் அகலம். 70-உம் அதற்கு மேலும் தொலைவு.

அகலவகையின் பயன் மண்டபம் முழுவதையும் வளைத்துப் போடுதல். மேடை, பூ அலங்காரம், சீர்வரிசைத் தட்டு, நாதஸ்வரக் கோஷ்டி எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வரும். அதன் குற்றம் ஓரத்தில் இருக்கிறது. 16 மி.மீ. லென்ஸ் நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காட்டவேண்டி, ஓரத்தில் உள்ளதை வெளிப்பக்கமாக இழுத்துவிடும். நடுவில் நிற்பவர் தலை தலையாகவே இருக்க, கடைசியில் நிற்பவர் தலை கிடத்திய முட்டையாகும். ஆகவே குரூப் போட்டோவில் மாப்பிள்ளையின் அத்தையை ஓரத்தில் நிறுத்தற்க. ஓரத்துக்கு ஒரு தூண் நல்லது. அன்றேல் பத்தடி பின்வாங்கி 35-ஐ மாட்டுக. பத்தடி பின்னால் நாற்காலி வரிசை கிடக்கிறதே எனின், அதை நகர்த்தத்தான் உதவியாளன்.

‘வைட் லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கும்’ என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? மூக்கைப் பெரிதாக்குவது லென்ஸ் அன்று, அதை மாட்டியவரின் கால். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே 12 செ.மீ. என்று கொள்வோம். மூக்குக்கு 30 செ.மீ. தள்ளி நின்றால் காது 42 செ.மீ. தள்ளி இருக்கிறது, காதோடு ஒப்பிட மூக்கு ஒன்றரை மடங்கை நெருங்கி வீங்கித் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் 200-க்கு 212; வேறுபாடு ஆறு விழுக்காடுதான். அங்கே நின்று 24-இல் எடுத்து முகத்தை மட்டும் வெட்டிக்கொண்டாலும், 85-இல் எடுத்தாலும், மூக்கும் காதும் ஒரே விகிதத்தில்தான் அமையும். வெட்டியதில் தெளிவு குறையும், அவ்வளவே. எனவே முதலில் நிற்குமிடத்தைத் தேர்ந்து, அங்கிருந்து எவ்வளவு வேண்டுமோ அதற்கேற்ற லென்ஸைத் தேர்க. இதை மாற்றிச் செய்கிறவர்களே பெரும்பான்மையோர். ஆல்பத்தில் மணப்பெண்ணின் மூக்குத்தி அவள் முகத்தைவிட முந்திக்கொண்டு வருவது அதனால்தான்.

நடுவகைக்கு ஆசான் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன். லைக்காவில் 50-ஐ மாட்டிக்கொண்டு பெரும்பாலும் அதிலேயே காலம் தள்ளினார். நம்மவர்களுக்கோ 50-இன் மேல் பிரியம் வேறு காரணத்தால்: எஃப் 1.8 திறப்புள்ள லென்ஸ்களில் அதுவே விலை மலிவு. ஆனால் நம்மில் பலர் அதை மாட்டுவது சிறிய சென்சார் கேமராவில். அங்கே ஒன்றரை மடங்கு கணக்கில் 50 என்பது 75-ஐப்போல் நடந்துகொள்ளும். நடுவகை சொல்லாமல் கொள்ளாமல் தொலைவுவகை ஆகிவிடும். இதன் விளைவை மணப்பெண் அறையில் காணலாம். பத்துக்குப் பத்து அறை, ஒரு பீரோ, ஒரு நிலைக்கண்ணாடி, ஜடை அலங்காரம் செய்யும் அம்மா, ‘எனக்கும் பூ’ என்று நிற்கும் மூன்று ஒன்றுவிட்ட தங்கைகள். போட்டோகிராபர் முதுகைச் சுவரில் ஒட்டி இரண்டரை மீட்டர் தூரத்தில் நிற்கிறார். கேமராவை நிமிர்த்திப் பிடித்தாலும் 1.2 மீட்டர் உயரம்தான் சட்டத்தில் அடங்கும். நிற்கும் பெண் முழங்காலோடு வெட்டுப்படுவாள். ஆயிரம் கடை ஏறி இறங்கி எடுத்த பட்டின் கரை அதற்குக் கீழே இருக்கிறது. 24-ஐ மாட்டினால் கரை வரும். மூலையில் வாய்பிளந்து கிடக்கும் ட்ராலி பேக்கும் வரும். பேக்கை நகர்த்துவது கலை, கரையை விடுவது குற்றம் என்க.

அடுத்து, ஒளிவாய். குவியத் தூரத்தைத் திறப்பின் விட்டத்தால் வகுத்து வருவது எஃப் எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 என்றால் 28 மி.மீ. திறப்பு. கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸின் நீண்ட முனையில் எஃப் 5.6, திறப்பு 10 மி.மீ.-ஐத் தொடாது. சென்சாருக்கு வந்துசேரும் ஒளியில் கிட்டத்தட்ட பத்துமடங்கு வேறுபாடு. இதில் ஒரு வியப்பு. 1840-இல் ஜோசப் பெட்ஸ்வால் வியன்னாவில் கணக்குப் போட்டு அமைத்த முகப்பட லென்ஸின் திறப்பு ஏறக்குறைய எஃப் 3.6. இன்றைய கிட் லென்ஸின் அந்த முனையைவிட இரண்டுமடங்குக்கும் மேலாக ஒளி வாங்கும். பாட்டனார் கண்ணுக்கு இருட்டில் தெரிந்தது பேரனுக்குத் தெரியவில்லை.

அப்படியாயின் எப்போதும் திறந்தே வைப்போம் என்பார் ஒரு சாரார். இவர்களை ப்ளர் பித்தர் எனலாம். இவர்களின் காவல்தெய்வம் ஸ்டான்லி குப்ரிக். நாசாவுக்காகச் செய்த ஜைஸ் 50 மி.மீ. எஃப் 0.7 லென்ஸைப் பிடித்துவந்து, 1975-இல் வெளியான ‘பேரி லிண்டன்’ படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே காட்சி எடுத்தவர். ஆனால் அவருடைய நடிகர்கள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தார்கள். நம் மாப்பிள்ளை அப்படி அல்லர். தாலிகட்டும் கணத்தைப் பாருங்கள். கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதை பறக்கிறது, மாப்பிள்ளையின் கை முன்னே, பெண்ணின் முகம் அதற்குப் பின்னே, அடுத்த முடிச்சுக்குக் காத்திருக்கும் நாத்தனார் அதற்கும் பின்னே. 85 மி.மீ., எஃப் 1.8, இரண்டு மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 6 செ.மீ. மாப்பிள்ளையின் மோதிரம் துல்லியமாக விழும். யாருக்குத் தாலி கட்டினார் என்பது ஊகத்துக்கு உரியது. அதே கணத்தை 35-இல், எஃப் 2.8-இல், ஒன்றரை மீட்டரில் எடுத்தால் ஆழம் ஓரடி. கையும் முகமும் வரும், நாத்தனார் கொஞ்சம் மங்குவார், அவருக்கு வேறு படம் எடுத்துக்கொள்ளலாம்.

தொலைவுவகையில் மண்டபத்துக்கு 70-200 எஃப் 2.8. எடை ஒன்றரைக் கிலோவரை. சாயங்கால ரிசப்ஷன் முடிவதற்குள் மணிக்கட்டுக்குத் தெரியும். தாரைவார்க்கும்போது பெண்ணின் அப்பா உதட்டைக் கடிப்பதை மேடையேறாமல், அவர் அறியாமல் எடுக்க இதுவே வழி. தூரத்தைக் கடக்கும் இந்த லென்ஸ் வீடியோக்காரரின் முதுகை மட்டும் கடக்காது. இதற்கு ஜப்பானியர் இதுவரை தீர்வு காணவில்லை. காட்டுக்குப் போவோர் இந்த வகையிலேயே 400, 600 என்று ஏறிப்போவர். மா. கிருஷ்ணன் பல பாகங்களை ஒட்டவைத்துத் தாமே இணைத்த கேமராவோடு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். அப்படங்களைப் பார்த்தபின் விலைப்பட்டியலைப் பார்க்கும்போது கை சற்றுத் தயங்கும்.

இனி, ஆட்களின் வகை. குவியத் தூரம் மாறாத பிரைம் லென்ஸ்காரர், மாறும் ஜூம் லென்ஸ்காரர் என இரு கலையார். முன்னவர் வடகலை: குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோலத் தாமே நடந்து, குனிந்து, மேடையேறிப் படத்தைப் பற்றுவர். பின்னவர் தென்கலை: பூனைக்குட்டிபோல் இருந்த இடத்தில் இருப்பர், வளையம் அவர்களைத் தூக்கிக்கொண்டு போகும். ஸ்டில் கேமராவுக்கு 1959-இல் வந்த வாய்க்லாண்டர் ஜூமார், 36-82, இக்கலையின் ஆதிநூல். எக்கலை உயர்ந்தது எனின், நடக்க இடமிருக்கும்வரை வடகலை; முன்வரிசையில் பாட்டிமார்கள் உட்கார்ந்த நொடியிலிருந்து தென்கலை.

புறனடை. மோதிரம், மருதாணி, தாலியின் வேலைப்பாடு இவற்றுக்கு மேக்ரோ. பொருளும் பிம்பமும் ஒரே அளவு என்பது அதன் இலக்கணம், 36 மி.மீ. பொருள் சட்டத்தை நிறைக்கும். மண்டபத்துக்குப் பக்கத்துக் கோயிலின் கோபுரம் பின்னோக்கிச் சாயாமல் நிற்கவேண்டுமானால் ஷிஃப்ட் லென்ஸ். ஃபிஷ் ஐ என்று ஒன்று உண்டு. நிக்கான் 6 மி.மீ. ஒன்றைச் செய்தது: 220 பாகை, ஐந்து கிலோவுக்கு மேல் எடை. அது தனக்குப் பின்னாலும் பார்க்கும். பிடித்தவரின் செருப்பும் ஆல்பத்தில் வரும். இவை மூன்றையும் வாடகைக்கு எடுக்க.

எஞ்சியது செல்போன். முகூர்த்த நேரத்தில் ஒரு சித்தப்பா மேடையேறி ஓமகுண்டத்தருகே போனை நீட்டுவதைப் பண்பாட்டுக் குறைவு என்று உரைப்பர். அன்று, ஒளியியல். பெரும்பாலான போன்களின் முதன்மை லென்ஸ் 24-26 மி.மீ. கணக்கில் அமைந்த அகலவகை. அதில் முகம் நிறைய விழவேண்டுமானால் கிட்டப் போயே ஆகவேண்டும். ஆகவே அவரைத் திட்டற்க. பணிவாக, ‘சித்தப்பா, அந்த 3 எக்ஸைத் தொடுங்க, சூப்பரா வரும்’ என்க. தொடுவார். நின்ற இடத்திலிருந்து ஒரு காதும் பாதி ஜிமிக்கியும் மட்டுமே திரையில் தெரியக் கண்டு, அவராகவே பின்னால் நகரத் தொடங்குவார், ஓரடி, ஈரடி, மேடைப் படியிறங்கி மேலும் நான்கடி. அங்கே வீடியோக்காரர் நிற்கிறார். அது அவர்கள் இருவர் பாடு.