ஸ்டிக்கர் ஒட்ட ஒரு முதுகு

அக்டோபர் பிறந்தால் போதும், அதிகாரிகளுக்குத் தன்னார்வலர் மேல் பாசம் பீறிட்டுக்கொண்டு வரும். வெள்ள ஒத்திகை என்று மண்டபம் பிடிப்பார்கள், டீ கொடுப்பார்கள், பேனர் கட்டுவார்கள். காலிக் குடங்களைக் கயிற்றால் பிணைத்து மிதவை செய்வது எப்படி என்று தீயணைப்பு வீரர் காட்டுவார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மண்டபத்தில் வேலை செய்கிறவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் குரூப் போட்டோவுக்கு வந்தவர்கள்.

ஏரிக்குள் மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்த புண்ணியவான் மட்டும் எந்த ஒத்திகைக்கும் வருவதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலேயே பெருங்குடிக் குப்பைமேட்டை வளர்த்தெடுத்த மேதைகளும் வருவதில்லை. தண்ணீருக்கு வழி அடைப்பது அவர்கள் இலாகா. நீந்துவது நம் இலாகா.

2015 டிசம்பர் 1 ராத்திரி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரை தூக்கத்தில் மூழ்கியது. அது மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று தணிக்கைத் துறையே எழுதி, 2018இல் அந்த அறிக்கை சட்டமன்றத்துக்கும் வந்தது. எந்த மனிதர்கள் என்று கேட்டுவிடாதீர்கள். அரசாங்கத்தில் மனிதர்கள் இருப்பதற்கே ஆதாரம் கிடையாது, கோப்புகள்தான் உண்டு.

அப்போது ஊர் ஊராக அரிசியும் பாயும் போர்வையும் ஏற்றிவந்த பிள்ளைகளை வழிமறித்து, பொட்டலங்களில் அன்றைய முதல்வர் படம் ஒட்டச் சொன்னார்கள் என்று நகரமே கொதித்தது. பால் பவுடருக்கு அலைந்த நகரத்தில் ஸ்டிக்கருக்குத் தட்டுப்பாடே இல்லை! பிறகு ஆட்சி மாறியது. பசை காயவில்லை.

அதே வெள்ளத்தில் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்து, மொட்டை மாடிகளில் தவித்தவர்களை இறக்கினார்கள். மாலை போட்டோம், கடவுள் என்றோம். 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில் மீன் விற்ற பெண்களின் கடைகளை ஆக்கிரமிப்பு என்று போலீஸோடு வந்து அகற்றினார்கள். வெள்ளம் வந்தால் கடவுள், கார் போக வேண்டுமென்றால் ஆக்கிரமிப்பாளர். அதே டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. முதலில் அதை வாளியால் அள்ளியது யார்? மறுபடியும் மீனவர்தான். எண்ணெய் யாருடையது என்ற விசாரணை ஏசி அறையில் நடந்தது.

அந்த மாதமே தாமிரபரணிப் பக்கமும் வானம் உடைந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள், தங்களைச் சுற்றியும் வெள்ளம் நிற்க, இருந்த அரிசியை வடித்துப் போட்டார்கள். அவர்களிடம் சான்றிதழ் இல்லை, கலர் சட்டை இல்லை, பயிற்சி முடித்த அடையாள அட்டையும் இல்லை. ஹெலிகாப்டர் பிறகு வந்தது.

பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலுதவி தெரிந்த ஒருத்தர் தெருவில் இருந்தால் ஓர் உயிராவது மிஞ்சும். ஆனால் பாடத்திட்டத்தை நாங்கள் கொஞ்சம் திருத்துகிறோம். ஒத்திகையை அக்டோபரில் மண்டபத்தில் வைக்காதீர்கள். மே மாதம், கால்வாய்க் கரையில் வையுங்கள். தூர்வாரிய ஒப்பந்ததாரர் வரட்டும், பில்லில் கையெழுத்துப் போட்ட பொறியாளரும் வரட்டும். பில்லில் எழுதிய ஆழம் கால்வாயில் இருக்கிறதா என்று அவர்களையே இறக்கிவிட்டுப் பார்ப்போம்.