கூலிக்காரன் கணக்கு

வாடா பேராண்டி, உக்காரு. ஏழை சனத்துக்குன்னு புதுசாப் பொருள் கண்டுபுடிச்சு, யாவாரமும் பண்ணி, பூமியையும் காப்பாத்தப் போறியாமே? கேக்கவே நல்லாருக்கு. கூட்டம் எங்கன? நட்சத்திர ஓட்டல்லயா? அதான பாத்தேன். ஏழையப் பத்திப் பேச ஏசி இல்லாம முடியுமா?

ஏழை சொல் அம்பலம் ஏறாதும்பாக. இப்ப ஏழையவே அம்பலம் ஏத்திட்டீக, படமா. செவுரு முச்சூடும் சிரிச்சுக்கிட்டு நிக்கான். பேச மட்டும் விட மாட்டேங்கிறீக.

தென்னாப்பிரிக்காக் கதை தெரியுமா? புள்ளைக சுத்துற ராட்டினத்தைத் தண்ணி பம்போட பூட்டுனாக. பிளேபம்புன்னு பேரு. புள்ளைக வெளாடும், தண்ணி தன்னால தொட்டிக்கு ஏறும். பெரிய மனுசங்க சொக்கிப் போனாக. 2006ல அமெரிக்காவுல 1 கோடியே 64 லட்சம் டாலர் தாரோம்னாக. பெறகு லண்டன் பத்திரிகை ஒண்ணு கணக்குப் போட்டுச்சு. ஒரு பம்பு 2,500 பேருக்குத் தண்ணி குடுக்கும்னீகளே, அதுக்குப் புள்ளைக நாளைக்கு 27 மணி நேரம் வெளாடணுமேன்னு. அம்புட்டுப் படிச்ச கூட்டத்துல, ஒரு நாளைக்கு எத்தன மணின்னு ஒருத்தருக்குமா தெரியல? கடைசில பொம்பளையாளுகதான் குனிஞ்சு குனிஞ்சு ராட்டினத்தைத் தள்ளுனாக. பழுதானா ஊர்க்காரன் கை வைக்க முடியாது. பழைய கைப்பம்பே தேவலன்னாக. ஆனா கைப்பம்பைப் போட்டோ புடிச்சா அழகா இருக்காதே!

நம்ம நாட்டுலயும் நடந்துச்சு. ஸ்கூட்டர்ல நாலு பேரு நனைஞ்சு போறதைப் பாத்து ரத்தன் டாடா மனசு எரங்கி, 2009ல ஒரு லட்ச ரூவாய்க்கு நானோ காரு விட்டாரு. நல்ல மனசு, அதுல குத்தமில்ல. ஆனா ஊருலயே மலிவான காருன்னு தமுக்கடிச்சா எவன் வாங்குவான்? காரு வாங்குறதே மாமியா வீட்டுத் தெருவுல ஒரு சுத்து வாறதுக்குத்தானடா! அப்படி விளம்பரம் பண்ணுனது தப்புன்னு அவரே பின்னால சொன்னாரு. ஏழைன்னா அவனுக்கு ரோசம் இருக்காதா?

கூலிக்காரனுக்கு அன்னன்னைக்குக் காசு. பொழுது சாய கடைக்குப் போவான், அஞ்சு ரூவாய்க்கு எண்ணெ வாங்குவான். அதான் அண்ணாச்சி பொட்டலமா மடிச்சு வச்சிருக்காரு. கடலூர்ல சின்னிகிருஷ்ணன்னு ஒருத்தரு இருந்தாரு, அவருக்கும் இந்தச் சூச்சுமம் தெரிஞ்சுச்சு. கூலிக்காரனும் வாங்கணும்னா சின்னப் பாக்கெட்டுல குடுக்கணும்னாரு. அவரு மகன் ரங்கநாதன் 1983ல 15,000 ரூவாய வச்சுத் தனியாத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்பு போட்டாரு. காலிப் பாக்கெட்டு அஞ்சு கொண்டாந்தா ஒண்ணு இனாம், எந்தக் கம்பெனியோடதா இருந்தாலும் சரின்னாரு. சனம் ருசி கண்டதும், இனி எங்க பாக்கெட்டு மட்டுந்தான்னுட்டாரு. எப்படி? கெட்டிக்காரருல்ல!

இன்னொரு வேடிக்கை கேளு. நீ பெரிய பாட்டில் வாங்குறியே, மில்லிக்கு என்ன வெலன்னு பாத்தியா? நெறைய ஷாம்புல பாக்கெட்டுதான் மலிவு. எம்பிஏ படிச்சவன் பாட்டில் வாங்குறான்.

ஆனா அந்தப் பாக்கெட்டெல்லாம் இப்ப எங்க கெடக்கு? ஓடையில. பல அடுக்காச் சேத்து ஒட்டுன சவ்வு, காயலாங்கடைக்காரன்கூடத் தொட மாட்டான். மாடு திங்குது. விக்கிறதுக்காகக் காலிய வாங்குன ஆளுகளுக்கு, அள்ளுறதுக்காக வாங்கத் தெரியாதா? இதைக் கூட்டத்துல கேட்டுப் பாரு, டீ குடிக்க எந்திரிச்சுருவாக.

ஏழைக்குன்னு உருப்படியாச் செஞ்ச எடமும் இருக்கு. மதுரைக்குப் போயிருக்கியா? கோயிலுக்கு இல்லடா, அரவிந்த் கண்ணாஸ்பத்திரிக்கு. வடமலாபுரத்து டாக்டர் வெங்கடசாமி, சர்க்கார் வேலையில ரிட்டயர் ஆகி 1976ல 11 கட்டிலோட ஆரம்பிச்சது. மூட்டுவாதத்துல வெரலு கோணிப்போன மனுசன். அந்த வெரலோடயே கண்ணுல கத்தி வச்சாரு. காசுள்ளவன் குடுக்கான், இல்லாதவனுக்குச் சும்மா. ஒரு மேசையில ஆபரேசன் முடியுறப்ப அடுத்த மேசையில ஆளு தயாராப் படுத்திருக்கும், டாக்டர் திரும்புனாப் போதும். மெக்டொனால்டு கடையில எல்லாத்தையும் ஒரே சீராப் போட்டுத் தள்ளுறதைப் பாத்து, கண்ணுக்கும் இப்படிச் செஞ்சா என்னன்னு கேட்டவரு. நீ அந்தக் கடைக்குப் போயி என்ன பண்ணுனே? செல்ஃபி எடுத்தே.

சும்மான்னா சனம் ஓடி வரும்னு நெனப்பே. வரலையே! முகாம்ல பாத்து, ஆபரேசன் பண்ணணும், காசு வேண்டாம்னு சொன்னாலும் ரொம்பப் பேரு வரல. நீயா இருந்தா விழிப்புணர்வு இல்லன்னு நாப்பது பக்கம் எழுதிருப்பே. அரவிந்த் ஆளுக நேராப் போயிக் கேட்டாக. பஸ்ஸுக்குக் காசு? சாப்பாடு? தொணைக்கு வாறவனுக்குக் கூலி போகுமே? அப்பறம் வண்டி அனுப்பிச்சு, சோறும் போட்டாக. வந்துச்சு சனம். கண்ணுக்குள்ள வைக்கிற லென்சு சீமையில இருந்து வந்து ஆனை வெல வித்துச்சா, 1992ல ஆரோலேப்னு தொடங்கி மதுரையிலயே செஞ்சாக. வெல பத்துல ஒரு பங்காச்சு. ஆஸ்பத்திரியில ஆளுகளைப் பாத்துக்கிறது யாருங்கிறே? சுத்துப்பட்டுக் கிராமத்துப் பொம்பளப் புள்ளைக, அங்கனயே பழகுனவுக.

சரி, உன் பொருளை எங்கன விக்கப் போறே? எங்கூர்லயா? அப்ப ஒருநா சாயங்காலம் வா, கூலி போடுற நேரம். லேப்டாப்பு வேண்டாம். களை எடுத்துட்டு வாற பொம்பளையாளுக நாலு பேரு அங்கன நிப்பாக, அவுககிட்ட விலையச் சொல்லு. மொதக் கேள்வி, பழுதானா யாரு வந்து பாப்பான்னு. ரெண்டாவது, தவணைக்குத் தருவியான்னு. மூணாவதா, நீ சாப்புட்டியாப்பான்னு கேப்பாக. அதுக்காச்சும் பதில் வச்சிருக்கியா?