நான்கு இஸ்பேடும் வெகுளியும்: டபுள் சொல்லும் காலம் குறித்த ஓர் ஆய்வு

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர் வெகுளிக்கு நான்கு காரணம் சொல்கிறார்: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. எதிராளி எடுத்த எடுப்பில் ‘நான்கு இஸ்பேடு’ என்று ஏலம் கேட்பதை ஐந்தாவதாக அவர் சேர்க்கவில்லை. இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. காண்ட்ராக்ட் பிரிட்ஜுக்கான புள்ளிக்கணக்கை ஹெரால்டு வாண்டர்பில்ட் வகுத்ததே 1925இல், பனாமா கால்வாய் வழியாகப் போன ஒரு கப்பலில்தான். நுணுகி நோக்கினால் இக்குற்றம் குடிகோளுக்குள் அடங்கிவிடுவதும் தெரியும். கையில் எட்டு இஸ்பேடும் பெயருக்குச் சில பெரிய சீட்டுகளும் வைத்திருப்பவர், நாமும் நம் கூட்டாளியும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏலத்தில் பேசிக்கொள்ள வேண்டிய படிகளை எல்லாம் ஒரே தாவலில் ஆக்கிரமித்துக்கொள்கிறார். பிரீஎம்ட் என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். குடியிருந்த இடம் பறிபோனவர் ஏலப்பெட்டிக்குள் கைவிட்டு, பந்தயத்தை உயர்த்தும் டபுள் அட்டையை உருவுகிறார். அந்த அட்டையின் நிறம் சிவப்பு, பாஸ் அட்டையின் நிறம் பச்சை. இதைத் துணைச் சான்றாக மட்டும் பதிந்துகொண்டு மேலே செல்வோம்.

இக்கட்டுரையின் துணிபு இது: உயர்ந்த பிரீஎம்ட்டின் மேல் டபுள் சொல்ல உரிய கை, டபுள் சொல்லத் துடிக்கும் கை அன்று. முதல் சான்று புள்ளிப் பட்டியல். எதிராளி வல்னரபிள் (பரிசும் தண்டமும் கூடும் நிலை) அல்லாதபோது நான்கு இஸ்பேடை நிறைவேற்றினால் அவருக்கு 420. டபுள் சொன்னபின் நிறைவேற்றினால் 590. ஆக, நம் தவற்றின் விலை 170. அவர் ஒரு பிடி குறைந்து தோற்றால் டபுள் இல்லாமல் நமக்கு 50, டபுளுடன் 100. இந்த ஐம்பதுக்காக 170ஐப் பணயம் வைப்பவர் நான்கில் மூன்று முறைக்கும் மேல் சரியாகச் சொல்லியாக வேண்டும். அவ்வளவு சரியாகச் சொல்லக்கூடியவர் சீட்டாட்டத்தில் பொழுதைக் கழிப்பதேன் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கும் கேள்வி. இரண்டு பிடி குறைந்தால் கதை மாறுகிறது: நூறு முந்நூறாகிறது, ஆதாயம் 200, இரண்டில் ஒருமுறை சரியாக இருந்தாலே போதும். எனவே டபுள் சொல்பவர் ‘தோற்பாரா?’ என்று கேட்பதில் பயனில்லை. ‘இரண்டு பிடி தோற்பாரா?’ என்றே கேட்க வேண்டும். இதில் வியப்பான ஒன்றும் உண்டு. ஏலம் உயர உயர டபுள் ஆபத்தானது என்பது பொதுநம்பிக்கை. ஆனால் மூன்று இஸ்பேடை டபுள் செய்து விட்டுவிட்டால், 140 பெறவிருந்தவர் 530 பெறுகிறார். கேம் என்னும் பரிசை நாமே அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்ததாகும். நான்கில் அவர் ஏற்கெனவே கேமில் இருப்பதால் நம்மால் அவருக்குப் பெரிதாக எதையும் கொடுத்துவிட முடிவதில்லை.

இனி, துடிக்கும் கை எது? இஸ்பேடில் ராஜா, ஜாக்கி, பத்து, இரண்டு என்று நான்கு சீட்டு வைத்திருந்து, மற்ற சீட்டுகளில் ஒன்றுமில்லாத கை. எதிராளியின் துருப்பே நம்மிடம் குவிந்திருக்கையில் மனம் குதூகலிப்பது இயற்கை. ஆனால் நான்கு இஸ்பேடைக் கவிழ்க்க நான்கு பிடி வேண்டும், இரண்டு பிடி வீழ்த்த ஐந்து. அந்தக் கை தருவது இரண்டு, மிஞ்சினால் மூன்று. அதோடு டபுள் என்ற ஒரு சொல்லால், துருப்பெல்லாம் எந்தப் பக்கம் கிடக்கின்றன என்று விளையாடுபவருக்கு விளம்பரமும் செய்கிறோம். உரிய கை இதைவிடச் சப்பென்று இருக்கும்: இரண்டு மூன்று ஏஸ், ஒரு ராஜா, இஸ்பேடில் ஒன்றோ இரண்டோ சீட்டு. எட்டுச் சீட்டு ஒரே ஜாதியில் வைத்திருப்பவருக்கு மற்ற மூன்றிலும் சேர்த்து ஐந்துதான் இருக்கும்; அதனால் நம் ராணியும் ஜாக்கியும் பயன்படும் சுற்று வருவதற்குள் அவர் துருப்பால் வெட்டத் தொடங்கிவிடுவார். முதல் சுற்றிலேயே பிடி வாரும் ஏஸுக்கு அந்தக் கவலை இல்லை. நம்மிடம் இஸ்பேடு குறைவாக இருந்தால் கூட்டாளியிடம் அதிகம் இருக்க வாய்ப்புண்டு. குதூகலத்தை அவருக்கு விட்டுவிடலாம்.

இதற்கு வரக்கூடிய தடைகளில் வலுவானது, டபுள் எதற்கு, நாமே ஐந்து ஆட்டின் கேட்டு ஆடலாமே என்பது. இதற்கு விடை தர ழான்-ரெனே வெர்ன் என்ற பிரெஞ்சுக்காரரை அழைக்க வேண்டும். இரு தரப்பும் தத்தம் துருப்பில் ஆடினால் எடுக்கும் பிடிகளின் கூட்டுத்தொகை, இரு தரப்பிடமும் உள்ள துருப்புகளின் கூட்டுத்தொகைக்குச் சுமாராகச் சமம் என்று 1960களில் அவர் கண்டெழுதினார். எதிராளிகளிடம் பத்து இஸ்பேடு, நம்மிடம் எட்டு ஆட்டின் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 18. நாம் ஐந்து ஆட்டினில் வேண்டிய 11 பிடியும் எடுக்கக்கூடியவர்கள் என்றால், அவர்களுக்கு மிஞ்சுவது ஏழு. மூன்று பிடி வீழ்ச்சி, டபுளில் 500. நம் ஐந்து ஆட்டின் தருவது 450. இரு தரப்பும் வல்னரபிள் என்றால் 800க்கு எதிராக 650. நாம் மட்டும் வல்னரபிளாக இருக்கையில்தான் ஐந்து ஆட்டின் முந்துகிறது. கணக்கு சுமாரானதுதான், ஆனால் அது சுமாராகவும் நம் பக்கமே சாய்கிறது.

இரண்டாவது தடை: கூட்டாளி நம் டபுளைத் தவறாகப் புரிந்துகொண்டு வேறொன்றைக் கேட்டுவிட்டால்? நான்கு ஆட்டின் மேல் சொன்ன டபுள் என்றால் அவர் கேட்கட்டும். நான்கு இஸ்பேடை அதே படியில் கேட்க இடமிருக்கிறது, அந்த டபுளே அதற்கான அழைப்பு. நான்கு இஸ்பேடின் மேல் சொன்னால் ஐந்தாம் படிக்கு ஏற வேண்டியிருக்கும். ஆகவே நீண்ட ஜாதி இல்லாதவர் பாஸ் சொல்லிவிடுவதே முறை. பழைய வழக்கில் இந்த டபுள் முழுக்கத் தண்டனைக்கே உரியது. கூட்டாளியைக் கேட்கச் சொல்ல நாலு நோ டிரம்ப் இருந்தது. இன்று பலர் ‘வலு இருக்கிறது, முடிவு உன்னுடையது’ என்ற பொருளில் ஆள்கிறார்கள். எந்த வழக்கானாலும் மேசைக்கு வருமுன் பேசி வைத்திருக்க வேண்டும். தம்பதியர் கூட்டாளிகளாக ஆடும் மேசைகளுக்கு இது இருமடங்கு பொருந்தும்.

டபுளே சொல்லாவிட்டால் எதிராளிக்கு அச்சம் விட்டுப்போகும் என்பாரும் உளர். அவர்களுக்கு அச்சம் எப்போது இருந்தது? எலி கல்பர்ட்சனின் பழைய விதி பிரீஎம்ட் செய்பவருக்கு வல்னரபிளில் இரண்டு பிடி, இல்லாவிட்டால் மூன்று பிடி வரை தோற்க அனுமதி தருகிறது. இரண்டுக்கும் டபுளில் 500தான். அதாவது நம் டபுளைக் கணக்கில் எழுதிக்கொண்டுதான் அவர் வாயையே திறக்கிறார்.

கடைசித் தடை நுட்பமானது. இப்படித் தாவிக் கேட்ட ஏலத்துக்குப் பின் அடுத்தவர் சுமார் பத்து வினாடி தாமதித்தே பதில் சொல்ல வேண்டும் என்ற நெறி போட்டிகளில் உண்டு. வெகுளி தணிய அது போதாதா என்பர். அந்நெறியின் நோக்கம் வேறு: தயக்கத்தின் நீளத்திலிருந்து கூட்டாளி எதையும் ஊகித்துவிடக் கூடாது. ஆயினும் ஏஸ்களை எண்ணவும், யார் வல்னரபிள் என்று பார்க்கவும், இஸ்பேடில் எத்தனை என்று கூட்டவும் பத்து வினாடி தாராளம். நடைமுறையில் அதில் ஒன்பது, ஏலம் கேட்டவரின் முகத்தை முறைத்துப் பார்ப்பதில் செலவாகிறது.